பன்றிக் கொட்டகையும் அகதி நிலையமும் ஒரே வினாத்தாளில்

நோய்க்கிருமிகளுக்கு எதிரான ஒல்லாந்து அரசின் போரும் அதில் நம்மவர் நிற்கும் இடமும்

ஐரோப்பிய நாடுகளில் நம்மவர் இருவர் கூடினால், வேலை, விசா, வீட்டு வாடகை என்பவற்றை அடுத்துத் தவறாது எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. பிள்ளைக்கு மூன்று நாட் காய்ச்சல்; தொண்டை நோகிறது; இரவெல்லாம் இருமல். குடும்ப வைத்தியரிடம் கொண்டு போனால் அவர் காதைப் பார்க்கிறார், தொண்டையைப் பார்க்கிறார், நெஞ்சிற் குழாயை வைத்துக் கேட்கிறார். முடிவில், பனடோல் கொடுத்துப் படுக்க விடுங்கள், ஒரு கிழமையிற் குறையாவிட்டால் மீண்டும் வாருங்கள் என்று அனுப்பி விடுகிறார். "ஊரிலையெண்டால் முதல் நாளே மருந்து தந்திருப்பினம்" என்பது தாய்மாரின் ஆதங்கம். "வெள்ளைக்காரப் பிள்ளையெண்டால் இப்பிடி அனுப்புவினமோ?" என்பது தந்தையர் அடுத்துக் கேட்பது.

தந்தையர் கேள்விக்கு விடை எளிது: அனுப்புவார்கள். குடிவரவுத் திணைக்களத்தின் சாளரத்திலும் வேலை கேட்டுப் போகும் படிகளிலும் நமக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கும் நாடுகள் இவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் இருமலுக்கு அன்ரிபயோட்டிக் மறுக்கும் வைத்தியர் அந்த அளவுகோலைக் கையில் எடுத்தவரல்லர். அவருக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கால அரச கொள்கை ஒன்று நிற்கிறது. அக்கொள்கை எங்கே வென்றது, எங்கே தன்னையே ஏமாற்றிக்கொண்டது, அதன் சுமை யார் தோளில் எவ்வளவு விழுந்தது என்பவற்றை அறிந்து கொண்டால், வைத்தியரோடு எதற்காக வாதாடுவது, அரசோடு எதற்காக வாதாடுவது என்பதையாவது நாம் பிரித்தறியலாம்.

இதை எழுதத் தூண்டியது சில ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்தின் வைத்தியசாலை ஒன்றில் நாம் மொழிபெயர்ப்பாளராய்ப் போயிருந்த ஒரு காலைப்பொழுது. குடல்வால் நோவென்று கொண்டுவரப்பட்ட இளைஞர் ஒருவர். அகதி நிலையத்தில் வசிப்பவர். படுக்கை ஒதுக்குமுன் தாதி ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேட்டார். கடந்த சில மாதங்களில் வெளிநாட்டு வைத்தியசாலை எதிலாவது தங்கியிருந்தீர்களா? உயிருள்ள பன்றிகளோடு, கன்றுகளோடு, கோழிகளோடு தொழில் செய்கிறீர்களா? அகதி நிலையத்தில் வசிக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு இளைஞர் ஆம் என்றார். உடனே அவரைத் தனியறைக்குக் கொண்டு போனார்கள். மூக்கினுள்ளும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார்கள். அதன்பின் அறைக்குள் வந்தவர்கள் எல்லோரும் முகமூடியும் கையுறையும் மேலங்கியும் அணிந்து வந்தார்கள்.

"சேர், பண்டி வளர்க்கிறவனையும் என்னையும் ஒண்டாய்த்தானே கேக்கினம்?" என்றார் இளைஞர்.

அவருக்கு அன்று சொன்ன விடையைவிடச் சற்று நீளமான விடை இது.

பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்ற உரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார். கிருமிகள் பெருகும் வேகம் பெரிது. கோடிக்கணக்கானவற்றுள் தற்செயலாய் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் இயல்போடு பிறந்துவிடும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலியாக்கிக் கொடுக்கிறது. போதாததற்கு, அவ்வியல்பைத் தாங்கிய மரபணுவை ஒரு கிருமி இன்னோர் இனக் கிருமிக்குக் கைமாற்றிவிடவும் கூடும். ஆகவே ஒவ்வொரு தேவையற்ற குளிசையும் மருந்துக்கு மசியாத கிருமிக்கு இட்ட எருவாகிறது. பென்சிலின் பயனிழந்த இடத்துக்கென ஆக்கப்பட்டது மெதிசிலின். அது புழக்கத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகளுள், 1961இல், அதற்கும் மசியாத ஸ்ரபிலோகொக்கஸ் கிருமி இங்கிலாந்தில் அறியப்பட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வைத்தியசாலைச் சுவர்களில் எழுதப்பட்டிருப்பது இதனைத்தான். நலமாயிருப்பவரின் மூக்கில் அது சும்மா குடியிருக்கும். அறுவைக் காயத்திலோ இரத்தத்திலோ புகுந்தால் ஆளைத் தின்னும்.

ஒல்லாந்து வைத்தியசாலைகள் இக்கிருமியை 1980களின் இறுதியிலிருந்து எதிர்கொண்ட முறைக்குத் 'தேடு, ஒழி' என்று பெயர். பெயர் படைத்துறைக்கு உரியது. நம் காதுக்கு உவப்பானதன்று. முறை இதுதான். கிருமியைச் சுமந்திருக்கக் கூடியவர் என்று ஐயுறத்தக்க எவரையும், அவர் நோயாளி ஆயினும் ஊழியர் ஆயினும், சோதித்துப் பார்ப்பது. முடிவு வரும்வரை நோயாளியைத் தனியறையில் வைப்பது. கிருமி இருந்தால் மூக்கிற்குக் களிம்பும் உடலுக்குக் கிருமிநீக்கிக் கழுவலும் கொடுத்து அகற்றுவது. அவரோடு பழகிய அனைவரையும் சோதிப்பது. கிருமியைச் சுமக்கும் தாதியோ வைத்தியரோ அது நீங்கும்வரை நோயாளியைத் தொடக் கூடாது. ஒருவருக்காக ஒரு வார்ட்டையே மூடிவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. செலவு மிக்க, தொல்லை மிக்க முறை. அயல்நாட்டு வைத்தியர் பலர் இதனை மிகைப்பட்ட அச்சம் என்று கருதியதுண்டு.

பலன் என்ன? ஸ்ரபிலோகொக்கஸ் இரத்தத்திற் கலந்த நோயாளிகளுள், மருந்துக்கு மசியாத வகை ஒல்லாந்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவைத் தாண்டவில்லை. கடல் கடந்தால் பிரித்தானியா. அங்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 40 வீதத்துக்கும் மேல். பத்திரிகைகள் ஓலமிட்ட பின்னர்தான் பிரித்தானிய அரசு விழித்தது. 2001இல் வைத்தியசாலைகள் தத்தம் கணக்கை வெளியிட வேண்டுமெனக் கட்டாயமாக்கியது. 2004இல், 2008க்குள் அத்தொகையைப் பாதியாக்க வேண்டுமென இலக்கு விதித்தது. இங்கிலாந்தில் ஆண்டொன்றுக்கு 7,700 அளவில் இருந்த இரத்தத் தொற்று, 2008-09இல் 3,000க்குக் கீழ் இறங்கியது. எண்ணத் தொடங்கியதும் குறையத் தொடங்கியது. அரச கொள்கை என்ற பெயரில் வெளிவரும் அழகிய வழவழப்பான புத்தகங்களைப் பார்க்கும் போதெல்லாம், அதில் எண்ணுவோர் யார், எண்ணியதை வெளியிடுவோர் யார் என்று தேடிப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டானது இதனாலேதான்.

வைத்தியசாலைக்கு வெளியிலும் ஒல்லாந்து கையை இறுக்கியே வைத்திருந்தது. ஐரோப்பிய நாடுகளின் மருந்துப் பயன்பாட்டை ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வொன்றின்படி, 2002இல் பிரான்சில் ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 32.2 வேளை அளவு அன்ரிபயோட்டிக் எழுதப்பட்டது. ஒல்லாந்தில் 10. பிரெஞ்சுப் பிள்ளைகள் ஒல்லாந்துப் பிள்ளைகளைவிட மும்மடங்கு நோயாளிகள் என்று எவரும் சொல்லத் துணியார். பாரிசிலுள்ள நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும்: அதே 2002இல், அன்ரிபயோட்டிக் தானாகக் கிடைத்துவிடும் பொருளன்று என்ற கருத்தைத் தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் பிரெஞ்சு அரசு ஓயாது பரப்பத் தொடங்கிற்று. ஐந்து குளிர்காலங்களில் மருந்துச்சீட்டுகள் கால்வாசிக்கு மேல் குறைந்தன.

மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. இருமலும் காய்ச்சலுமாக வருபவருக்கு நுரையீரல் அழற்சியோ என்று ஐயம் எழுந்தால், ஒல்லாந்துக் குடும்ப வைத்தியர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து சி.ஆர்.பி. என்னும் அளவைப் பார்க்கலாம். சில நிமிடங்களில் விடை வரும். அளவு 20க்குக் கீழாயின் அன்ரிபயோட்டிக் தேவையில்லை. 100க்கு மேலாயின் கொடுக்க வேண்டும். இடைப்பட்டதாயின் நோயாளியின் நிலையைக் கொண்டு வைத்தியர் தீர்மானிப்பார். வளர்ந்தோருக்கென வகுக்கப்பட்ட இவ்வழிகாட்டல் 2011இலிருந்து நடைமுறையில் உள்ளது. மூச்சு வாங்குகிறது, தண்ணீர் குடிக்கவில்லை, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது என்பன போன்றவற்றை ஒளிவுமறைவின்றி, மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் சென்றாவது, சொல்லிவிட வேண்டும். மருந்து தா என்று வற்புறுத்துவதைக் காட்டிலும், எதைக் கண்டால் திரும்ப வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குவது பயன் தரும்.

இனி, பன்றிக்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு, ஒல்லாந்தில் ஆறு மாதப் பெண்குழந்தை ஒன்றுக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் வழமையான பரிசோதனை செய்தார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது. குழந்தை அயல்நாட்டு வைத்தியசாலையைக் கண்டதில்லை. சந்தேகப் பட்டியலில் உள்ள எவ்வகையிலும் அது அடங்கவில்லை. களிம்பும் கழுவலும் கொடுத்து அகற்றினார்கள், மீண்டும் வந்தது. மறுபடியும் அகற்றினார்கள், மறுபடியும் வந்தது. பெற்றோரைச் சோதித்தபோது அவர்களிடமும் இருந்தது. பெற்றோர் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள். அயலிலுள்ள பன்றிப் பண்ணையாளர் 26 பேரைச் சோதித்ததில் ஆறு பேரிடம் கிருமி இருந்தது. வைத்தியசாலைக்கு வரும் சாதாரண ஒல்லாந்து மக்களோடு ஒப்பிட்டால் இது 760 மடங்குக்கு மேல் என்று 2005இல் வெளியான அறிக்கை கணக்கிட்டது.

வைத்தியசாலையின் முன்வாசலை ஆண்டுக்கணக்காய்ப் பூட்டிக் காவல் காத்த அரசு, கொல்லைப்புறத்தைத் திறந்தே விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கோடியே அறுபது இலட்சம் மக்கள் வாழ்ந்த அச்சிறு நாட்டில் ஒரு கோடியே இருபது இலட்சத்தை அண்மித்த பன்றிகள் இருந்தன. அவற்றுக்கும் கோழிகளுக்கும் கன்றுகளுக்கும், நோய் வந்தபின் அன்று, வராதிருக்கவேண்டி, தீனியோடும் நீரோடும் கூட்டம் கூட்டமாய் மருந்து ஊட்டப்பட்டது. 2007இல் பத்து ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டபோது, கால்நடையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நோர்வே 18 மில்லிகிராம் மருந்தைப் பயன்படுத்தியது. அதுவே பட்டியலின் அடி. பட்டியலின் தலையில் 188 மில்லிகிராமோடு நின்ற நாடு ஒல்லாந்து. மனிதருக்குக் கொடுப்பதில் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவு. விலங்குக்குக் கொடுப்பதில் மிக அதிகம். தாய்மாருக்குப் பனடோலைக் காட்டிய அரசு பண்ணையாருக்குச் சாக்குச் சாக்காய் மருந்து விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறியாமையால் நேர்ந்தது என்று அவர்கள் சொல்ல முடியாது. விலங்குத் தீனியில் கலக்கும் மருந்துகள் மனிதருக்கு வினையாகும் என்று பிரித்தானிய அரசு அமைத்த சுவான் குழு 1969இலேயே அறிக்கை எழுதிற்று. சுவீடன் 1986இல், விலங்கைக் கொழுக்கச் செய்வதற்கென மருந்து கலப்பதை உலகிலேயே முதன்முதலாகத் தடை செய்தது. அங்கே தடையைக் கேட்டவர்கள் கமக்காரர்கள்தாம் என்பது கவனிக்கத்தக்கது. அடுத்தது டென்மார்க். 1994இல் டென்மார்க்கின் வைத்தியசாலைகள் அனைத்தும் சேர்ந்து, கடைசிக் கைமருந்தாக வைத்திருந்த வன்கோமைசினை 24 கிலோ பயன்படுத்தின. அதே ஆண்டில் அதன் உறவு மருந்தான அவோபார்சின் 24,000 கிலோ டென்மார்க்கின் விலங்குகளின் தீனிக்குள் போயிற்று. ஒன்றைத் தாங்கப் பழகிய கிருமி மற்றதையும் தாங்கும். அடுத்த ஆண்டே டென்மார்க் அவோபார்சினைத் தடை செய்தது. விலங்கு, இறைச்சி, மனிதர் ஆகிய மூன்று இடங்களிலும் மருந்தையும் எதிர்ப்பையும் ஆண்டுதோறும் எண்ணி வெளியிடும் டான்மாப் என்ற திட்டத்தையும் அதே 1995இல் தொடக்கிற்று. மருந்தை எழுதிக் கொடுக்கும் கால்நடை வைத்தியரே அதனை விற்று இலாபம் பார்ப்பதையும் ஏறத்தாழ அக்காலத்திலேயே கட்டுப்படுத்தியது. இம்மூன்றுள் கடைசியானதே மிகுந்த துணிவு வேண்டியது என்பது நம் கருத்து. எழுதும் கைக்கும் விற்கும் கைக்கும் இடையே சுவர் எழுப்பாத வரை, எந்த அறிவுரையும் கல்லாப்பெட்டியின் முன் நிற்காது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், கொழுக்கச் செய்வதற்கான மருந்துகளுக்கு முடிவு வந்தது 2006 தை முதல் நாளன்று.

ஒல்லாந்தும் அத்தடையை ஏற்றுத்தான் இருந்தது. ஆனால் கொழுக்க வைக்கும் மருந்து என்ற பெயரில் நின்றது, நோய்த் தடுப்பு என்ற பெயரில் பின்கதவால் வந்தது. சாராயத் தவறணையை மூடினால் சோடாக் கடையில் அதே போத்தல் கிடைப்பதை ஊரிலே கண்டவர்களுக்கு இது புதுமையன்று.

எண்ணத் தொடங்கிய பின்னர்

குழந்தையின் கதைக்குப் பின்னர், கோழியிறைச்சியிலும் மருந்துக்கு மசியாத குடற்கிருமிகள் பரவலாகக் காணப்பட்டன. நாடாளுமன்றம் கொதித்தது. 2009ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, விலங்குகளுக்கு விற்கும் அன்ரிபயோட்டிக்கை 2011இல் 20 வீதம், 2013இல் 50 வீதம், 2015இல் 70 வீதம் குறைக்க வேண்டும் என அரசு இலக்கு வைத்தது. 2010இல் கால்நடை மருந்து அதிகாரசபை ஒன்று நிறுவப்பட்டது. ஒவ்வொரு பண்ணையும் ஒரே ஒரு கால்நடை வைத்தியரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு மருந்தும் மத்திய பதிவேட்டில் ஏற வேண்டும். ஆண்டு முடிவில் அதிகாரசபை பண்ணைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அளவோடு நிற்பவர் யார், எச்சரிக்கப்பட வேண்டியவர் யார், உடனே திருந்த வேண்டியவர் யார் என வகுக்கும். பின்னர் வைத்தியர்களும் அவ்வாறே வகுக்கப்பட்டார்கள். மனிதருக்குக் கடைசித் துணையான மருந்து வகைகளை, வேறெதுவும் பயன்படாது என்று பரிசோதனை காட்டினாலன்றி விலங்குக்குக் கொடுத்தல் ஆகாது என்றும் விதியாயிற்று.

டென்மார்க் எழுப்பிய சுவரை மட்டும் ஒல்லாந்து எழுப்பவில்லை. அங்கே கால்நடை வைத்தியர் இன்றும் மருந்தை விற்கிறார். அதனை நாம் குறையாகவே காண்கிறோம். ஆயினும் கணக்கு பேசியது. 2009இல் 495 தொன்னாக இருந்த விற்பனை 2015இல் 206 தொன்னாயிற்று. 58 வீதக் குறைவு. 70 வீதம் என்ற இலக்கைத் தொட இன்னும் சில ஆண்டுகள் எடுத்தன, ஆனால் தொட்டார்கள். பன்றிகள் கூட்டம் கூட்டமாய்ச் செத்து விழும், பண்ணைத் தொழில் நாட்டைவிட்டே ஓடிவிடும் என்று முன்கூட்டி ஒப்பாரி வைத்தவர்கள் பின்னர் வாய் திறக்கவில்லை. கோழியிறைச்சியில் அக்குடற்கிருமிகள் குறைந்தன. எம்.ஆர்.எஸ்.ஏ. பன்றிக் கொட்டகைகளை விட்டுப் போகவில்லை. ஒருமுறை குடியேறிய கிருமி மருந்தை நிறுத்தியதும் மூட்டை கட்டிப் போய்விடாது. காலந்தாழ்த்தியதற்கான வட்டி அது.

மருந்தைக் குறைப்பதென்றால் நோயோடு விடுவது என்று பொருளன்று என்பதற்கு நோர்வேயின் சால்மன் மீன் சாட்சி. நோர்வேயின் வடகரையில் மீன் வெட்டும் தொழிற்சாலைகளிற் பனியோடு மல்லாடிய நம்மவர் பலர் உளர்; அவர்கள் இதை நன்கு அறிவர். 1987இல் அந்நாட்டின் வளர்ப்பு மீன் உற்பத்தி ஐம்பதாயிரம் தொன் அளவுதான். அதற்குக் கொட்டிய அன்ரிபயோட்டிக் ஏறத்தாழ 50 தொன். பின்னர் மீன்குஞ்சுகளுக்குத் தடுப்பூசி கண்டார்கள். ஆம், ஒவ்வொரு குஞ்சுக்கும் ஊசி. குடாக்களில் மீன் கூடுகளை நெருக்கி வைக்காமல், இடைவெளி விட்டு ஓய்வு கொடுக்கவும் பழகினார்கள். இப்போது உற்பத்தி பத்து இலட்சம் தொன்னைத் தாண்டிவிட்டது. மருந்து ஆண்டுக்கு ஒரு தொன்னுக்கும் குறைவு. நெருக்கடியைக் குறைத்தார்கள், நோய் குறைந்தது, மருந்து குறைந்தது. மீனுக்குச் செய்த இதனை நினைவில் வைத்திருக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். சற்றுப் பின்னர் மனிதரிடத்திலும் இதே பேச்சு வரும்.

பயணப் பெட்டிக்குள் வருபவை

நம் பக்கத்து வழக்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் வருவோரின் பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவே அமொக்சிசிலின் அட்டைகள் வருகின்றன. மீந்தவை அலுமாரியில் கிடக்கின்றன. அடுத்த காய்ச்சலுக்கு இரண்டு நாள் விழுங்கி, சுகம் கண்டதும் நிறுத்தப்படுகின்றன. பிளெமிங் அஞ்சியது இதைத்தான்.

கிருமியும் பயணம் செய்கிறது. 2008இல், டில்லியில் வைத்தியசாலையில் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம், கார்பபீனம் என்னும் கடைசி வரிசை மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று அறியப்பட்டது. அதற்கு டில்லியின் பெயரை வைத்தார்கள். 2010இல் சென்னை, ஹரியானா, பிரித்தானியா ஆகிய இடங்களின் நோயாளிகளிடம் அது பரவியிருப்பதை ஓர் ஆய்வு வெளியிட்டபோது, இந்திய அரசு பெயர் குறித்தே பெரிதும் சினந்தது. பெயர் வைத்ததில் கண்ணியம் இல்லைதான். ஆனால் சினத்தைக் கடந்து வேலையில் இறங்கியவர்கள் வைத்தியர்களே. 2012இல் சென்னையிற் கூடிய இந்திய மருத்துவச் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' என்ற ஒன்றை வெளியிட்டன. ஒரே நாளில் எல்லாவற்றையும் தடை செய்யக் கேட்காமல், முதலில் கடைசி வரிசை மருந்துகளுக்காவது கடிவாளம் போடுங்கள் என்று அது கேட்டது. மருந்துச்சீட்டே கிடைக்காத கிராமத்தில் சீட்டின்றி மருந்து இல்லை என்று சட்டம் போட்டால், நியுமோனியா கண்ட பிள்ளை செத்துப் போகும். இந்த உண்மையை மறவாத பிரகடனம் அது. 2014இல் எச்-1 என்னும் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 46 மருந்துகள், விற்கும் கடைக்காரர் வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிந்து மூன்றாண்டு பேண வேண்டும். சட்டம் தாளில் இருக்கிறது. கடை வாசலில் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை ஊர் போய் வருவோர் அறிவர்.

உலகக் கணக்கு இது: 2019இல் மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களால் நேரடியாக மாண்டோர் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்றும், அத்தொற்றோடு தொடர்புற்ற மரணங்கள் 49 இலட்சத்து 50 ஆயிரம் என்றும் 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2024 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிற் கூடிய அரசுகள், இந்த இரண்டாவது தொகையை 2030க்குள் 10 வீதம் குறைப்பதாக அறிவித்தன. விலங்குகளுக்கான மருந்தை 30 வீதம் குறைக்க வேண்டும் என்று முதல் வரைவில் ஓர் எண் இருந்தது. இறுதி அறிக்கையில் எண் இல்லை. 'குறிப்பிடத்தக்க அளவு' என்ற சொல் இருந்தது. எண் போய்ச் சொல் வந்த இடத்தில் யாருடைய கை வேலை செய்திருக்கும் என்பதை ஒல்லாந்தின் கதையைப் படித்தவர் ஊகித்துக் கொள்ளலாம்.

தனியறையில் இருந்த இளைஞரிடம் திரும்புவோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அகதிகள் நோய் கொண்டு வருகிறார்கள் என்ற பழைய வசவு, ஆய்வுகூட மொழியில் மறுபடியும் எழுதப்படுகிறதோ என்று நாமும் ஐயுற்றதுண்டு. ஐரோப்பாவில் குடியேறியோரிடம் செய்யப்பட்ட 23 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான மீளாய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. குடியேறியோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மருந்துக்கு மசியாத கிருமி ஒன்றைச் சுமந்தார். அகதிகளையும் தஞ்சம் கோருவோரையும் மட்டும் பார்த்தால் மூவரில் ஒருவர். ஆனால் அவர்களிடமிருந்து இந்நாட்டு மக்களுக்கு அது பெருமளவில் பரவியதற்குச் சான்றில்லை. வழிப் பயணத்தின் நெருக்கடியிலும், வந்து சேர்ந்த நாட்டின் முகாம்களிலும் கிருமி தொற்றுவதற்கான சூழல் உண்டு என்றே அம்மீளாய்வு சுட்டிற்று. திருத்த வேண்டியவை இருப்பிடமும் மருத்துவ வசதியும் என்றது.

ஆகவே கேள்வித்தாளில் நமக்குக் குறையில்லை. பண்ணையாரிடம் கேட்டதையே நம்மிடமும் கேட்டார்கள். தனியறை அவருக்கும் உண்டு. வேறுபாடு வைத்தியசாலைக்கு வெளியே இருக்கிறது. பண்ணையாரின் கொட்டகையைத் திருத்த அரசு ஆண்டுக்கணக்கில் பேசிற்று, அதிகாரசபை வைத்தது, இலக்கு வைத்தது, எட்டியதா என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டது. 2022 ஜனவரி 28 முதல், நெருக்கடியான வளர்ப்புமுறையின் குறைகளை ஈடுசெய்ய மருந்து கொடுப்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படியே குற்றம். அதே 2022 கோடையில் ஒல்லாந்தின் ரெர் அப்பெல் அகதிப் பதிவு நிலையத்தின் வெளியே நூற்றுக்கணக்கானோர் புல்தரையிற் படுத்தார்கள். கழுவ நீரும் கழிப்பிடமும் போதவில்லை. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு ஒல்லாந்து மண்ணில் முதன்முறையாகக் களமிறங்க நேர்ந்தது. ஓர் அறையில் எத்தனை பேர், ஒரு குழாய்க்கு எத்தனை பேர் என்று எண்ணி ஆண்டுதோறும் நிறம் பிரித்து வெளியிடும் அதிகாரசபை ஒன்று அகதி நிலையங்களுக்கு இல்லை. கொட்டகைக்கு இருக்கிறது.

இளைஞரின் சோதனை முடிவு மூன்றாம் நாள் வந்தது. கிருமி எதுவும் இல்லை. தாதி முகமூடியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகொடுத்தார். அன்று மாலையே அவர் அகதி நிலையத்தில் ஆறு பேர் படுக்கும் தமது அறைக்குத் திரும்பினார்.